37 நிமிடமா, 38 நிமிடமா? அமெரிக்க பிசியோதெரபி பில்லிங்கில் நமக்கு நடந்தவை

கோடர், சென்னை

வணக்கம். அமெரிக்க மருத்துவக் குறிப்புகளைப் படித்து பில்லுக்குக் கோடு போடுகிற நம்மில், பிசியோதெரபி சார்ட் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பு) பார்க்கிறவர்கள் குறைவு. "தெரபிதானே, நாலு கோடுதான் திரும்பத் திரும்ப வரும்" என்று டீமிலேயே சொல்வார்கள். கோடு என்னவோ நாலுதான். 97110, 97112, 97140, 97530, இந்த நாலிலேயே ஷிப்டில் பாதி போய்விடும். ஆனால் கோடு சரியாக இருந்தும் யூனிட் (சிகிச்சை நேரத்தை வைத்துப் பணம் கணக்கிடும் அளவு) தப்பாகப் போகிற இடம் இது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், சேர்ந்த மூன்றாவது வாரத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வந்த ஒருவருடைய சார்ட். மெடிகேர் (அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடு) பார்ட் பி. அன்றைய நோட்டில் இருந்தது இவ்வளவுதான்: உடற்பயிற்சி (97110) 15 நிமிடம், கையால் மூட்டைத் தளர்த்தும் சிகிச்சை (97140) 12 நிமிடம், நரம்பு-தசைப் பயிற்சி (97112) 10 நிமிடம், மின்தூண்டல் 15 நிமிடம். கீழே "மொத்த நேரம் 52". தெரபிஸ்ட் முதல் மூன்றுக்கும் ஆளுக்கொரு யூனிட் போட்டிருந்தார். மெடிகேர் அட்டவணையைப் பார்த்தேன். 8 முதல் 22 நிமிடம் வரை 1 யூனிட், 23 முதல் 37 வரை 2, 38 முதல் 52 வரை 3. 52 நிமிடத்துக்கு 3 யூனிட், கணக்கு அழகாகப் பொருந்தியது. அனுப்பிவிட்டேன்.

கியூ.ஏ.வில் (தரச் சோதனையில்) எரர் வந்தது. மின்தூண்டல் நேரக் கணக்கில் வராத கோடு. எந்திரத்தைப் பொருத்திவிட்டு தெரபிஸ்ட் விலகிப் போகலாம், அதனால் எத்தனை நிமிடம் ஓடினாலும் அது ஒன்றுதான். (மெடிகேருக்கு அது ஜி0283. தனியார் இன்சூரன்ஸ் பல 97014 கேட்கும்.) அந்த 15 நிமிடத்தைக் கழித்தால் மிச்சம் 37. அப்படியென்றால் 2 யூனிட்தான். மூன்று சிகிச்சையும் தனித்தனியே எட்டு நிமிடத்தைத் தாண்டியிருக்கிறதே என்று கேட்டேன். மெடிகேருக்குக் கூட்டுத்தொகைதான் முதலில். அதிக நேரம் பிடித்த 97110-க்கு ஒன்று, 97140-க்கு ஒன்று, அவ்வளவுதான். இதே சார்ட் ஒவ்வொரு கோடையும் தனியாகப் பார்க்கிற தனியார் இன்சூரன்ஸுக்குப் போனால் 3 யூனிட் சரி. யார் பணம் கட்டுகிறார்கள் என்று பார்க்காமல் யூனிட் போடக்கூடாது என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

கதை அதோடு முடியவில்லை. கிளினிக்கிலிருந்து மெயில் வந்தது: "ஒரு நிமிடம்தானே குறைகிறது, 38 என்று திருத்தி அனுப்பட்டுமா?" நான் பதில் போடத் தெரியாமல் டிரெய்னரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் உட்கார்ந்து ஒரே ஒரு வரி எழுதினார். அந்த நேரத்தில் நோயாளியின் முழங்கால் யார் கையில் இருந்ததோ அவர் மட்டுமே நேரத்தைத் திருத்தலாம், அதுவும் உண்மையாக விட்டுப்போயிருந்தால் மட்டும், திருத்திய தேதியைப் போட்டு. மறுநாள் அந்த தெரபிஸ்ட்டே பதில் எழுதியிருந்தார்: "37தான். நடுவில் அவர் களைத்து உட்கார்ந்திருந்தார், அதை நான் எண்ணவில்லை."

அந்தப் பதிலை இன்னும் மறக்கவில்லை. ஓய்வு நேரம், துணி மாற்றிய நேரம், கழிவறைக்குப் போன நேரம் எதுவும் சேராது. அதை அந்த தெரபிஸ்ட் அம்மா தானாகவே சொன்னார். இதில் இன்னொன்றும் இருக்கிறது. பார்ட் பி-யில் வருடத்தின் கழிவுத்தொகை (நோயாளியே முதலில் கட்ட வேண்டிய தொகை) தாண்டிய பிறகு 20 சதவீதம் நோயாளியின் பையிலிருந்து போகிறது. நாம் இங்கே ஒரு யூனிட் கூட்டிப் போட்டால், அங்கே ஓய்வூதியத்தில் இருக்கிற ஒருவர் அதற்கும் சேர்த்துக் கட்டுகிறார். இன்சூரன்ஸ் கம்பெனிதானே கொடுக்கிறது என்று சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். நோயாளி, கிளினிக் அடையாளம் எதுவும் வேண்டாம்.

ஏ.ஆர். பிரிவு (வராத பணத்தைக் கேட்டு வாங்குகிறவர்), கோயம்புத்தூர்

அக்கா, எங்கள் பக்கம் வருவதெல்லாம் நீங்கள் அனுப்பிய பிறகு திரும்பி வந்த க்ளெய்ம்தான் (பணம் கேட்டு அனுப்பும் பில்). அதில் ஒன்று.

பார்கின்சன் நோய் உள்ள ஒரு பெரியவர், வயது எழுபதுக்கு மேல். மெடிகேர் ஒப்பந்த நிறுவனத்திலிருந்து ரெக்கார்டு கேட்டு லெட்டர் வந்தது. 45 நாளுக்குள் அனுப்ப வேண்டும், அனுப்பினோம். எல்லா விசிட்டும் சி.ஓ.50 என்ற காரணக் குறியீட்டில் டினை ஆகி (பணம் மறுக்கப்பட்டு) வந்தது. மருத்துவத் தேவை நிரூபிக்கப்படவில்லையாம். போன் போட்டேன். "மூன்று மாதமாக முன்னேற்றமே இல்லையே" என்றார்கள்.

சார்ட்டைத் திறந்தால் எனக்கே வருத்தமாக இருந்தது. ஒன்பது விசிட், ஒன்பது நோட், ஒரே வரி: "நோயாளி சிகிச்சையை நன்றாகத் தாங்கிக்கொண்டார். திட்டப்படி தொடரவும்." காப்பி எடுத்து ஒட்டியது. காற்புள்ளிகூட மாறவில்லை. இதைப் படிக்கிறவர் என்ன முடிவுக்கு வருவார்?

ஆனால் பத்தாவது விசிட்டில் முன்னேற்ற அறிக்கை இருந்தது. மெடிகேரில் பத்து சிகிச்சை நாளுக்கு ஒருமுறையாவது தெரபிஸ்ட் அதை எழுதியாக வேண்டும். அதில்தான் விஷயம் கிடந்தது. வாசற்படி வந்தால் அவர் கால் உறைந்து நின்றுவிடுகிறது, தரையில் கோடு ஒட்டிப் பார்த்தோம், பலிக்கவில்லை, தாளம் சொல்லி நடக்க வைத்தபோது கடந்தார், மனைவிக்கும் அதைக் கற்றுக் கொடுத்தோம் என்று இருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் சோதனை ஆரம்பத்தில் 21 விநாடி, இப்போதும் 21 விநாடி. அந்த மூன்று மாதத்தில் ஒருமுறைகூட விழவில்லை.

முற்றிக்கொண்டே போகிற நோயில் 21 விநாடி 21-ஆகவே நிற்பது சாதாரணமா? 2013-இல், மெடிகேர் மறுப்புகளை எதிர்த்த ஜிம்மோ வழக்கின் உடன்பாடு இதைத்தான் உறுதி செய்தது. முன்னேற்றம் வருமா என்பது அளவுகோல் இல்லை. இருக்கிற நிலையைக் காப்பதற்கோ சரிவைத் தாமதப்படுத்துவதற்கோ தெரபிஸ்ட்டின் திறமை தேவைப்படுகிறதா என்பதே கேள்வி. வீட்டில் இருப்பவரே பாதுகாப்பாகச் செய்துவிடலாம் என்றால் மெடிகேர் கொடுக்காது. தேவைப்படுகிறது என்றால் கொடுக்க வேண்டும்.

அப்பீலுக்கு 120 நாள் கெடு. அந்த அறிக்கையை முதல் பக்கமாக வைத்து, உடன்பாட்டையும் மெடிகேர் கையேட்டின் 15-ஆம் அத்தியாயத்தையும் சொல்லி அனுப்பினோம். இரண்டு மாதத்துக்குள் பணம் வந்தது. ஒரே ஒரு அறிக்கைதான் காப்பாற்றியது. அந்த ஒன்பது நோட்டிலும் ஆளுக்கொரு உண்மையான வரி இருந்திருந்தால் டினையலே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

கே.எக்ஸ். மாடிஃபையர் (கோடோடு சேர்க்கும் குறியீடு) பற்றியும் ஒரு வார்த்தை. 2025-இல் ஒரு நோயாளிக்கு வருட வரம்பு, பிசியோதெரபியும் பேச்சு சிகிச்சையும் சேர்த்து 2,410 டாலர், தொழில்வழி சிகிச்சைக்குத் தனியாக 2,410 டாலர் என்று இருந்தது. அந்தந்த வருட வரம்பைத் தாண்டினால் கே.எக்ஸ். போட வேண்டும். "தேவை இருக்கிறது, சார்ட்டில் ஆதாரம் இருக்கிறது" என்று கிளினிக் கையெழுத்துப் போடுவதற்குச் சமம் அது. சார்ட்டைத் திறக்காமல் எல்லா க்ளெய்முக்கும் போட்டு விடுகிற பழக்கம் ஒரு இடத்தில் பார்த்தேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கோடர், திருச்சி

என்னுடையது சின்னது. 2021 அக்டோபர் 1. அன்றோடு எம்54.5 என்ற கீழ்முதுகுவலிக் கோடு போய்விட்டது. பதிலாக எம்54.50, எம்54.51, எம்54.59. எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். ஆனால் கிளினிக் சாஃப்ட்வேர் டெம்ப்ளேட்டில் பழைய கோடு அப்படியே கிடந்தது. முதுகுவலிக்கு எத்தனை பேர் பிசியோதெரபிக்கு வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்த வாரம் ரிஜெக்‌ஷன் வரிசை வரிசையாக வந்தது. பதற்றத்தில் ஒரு தம்பி செப்டம்பர் மாத விசிட்டுக்கும் சேர்த்துப் புதுக் கோடு போட, அதுவும் திரும்பி வந்தது. க்ளெய்ம் அனுப்புகிற தேதியைப் பார்க்கக்கூடாது, சிகிச்சை நடந்த தேதியைத்தான் பார்க்க வேண்டும். அப்போதிருந்து ஒவ்வொரு செப்டம்பரிலும் டெம்ப்ளேட் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுகிறேன்.

பிசியோதெரபிஸ்ட், நியூ ஜெர்சி

நான் நோட் எழுதுகிற பக்கம். தமிழ்நாட்டில் பி.பி.டி. (பிசியோதெரபி பட்டம்) முடித்து இங்கே வந்தேன். "நன்றாகத் தாங்கிக்கொண்டார்" என்ற வரியை நானும் எழுதியிருக்கிறேன். ஒருவர் எழுந்து போகும்போதே அடுத்தவர் வந்து உட்கார்ந்திருப்பார். இரவு குழந்தை தூங்கிய பிறகு டைனிங் டேபிளில் லேப்டாப்பைத் திறந்தால், மதியம் பார்த்தவரின் முழங்கால் எத்தனை டிகிரி மடங்கியது என்று நினைவு வராது. அப்போதுதான் பழைய நோட்டைக் காப்பி எடுக்கக் கை போகும். சோம்பல் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு ஒரு டினையல்தான் பாடம். பக்கவாதம் வந்த ஒருவரை நான் பிடித்துப் பிடித்து நடக்க வைத்த வாரங்கள் அவை. நோட்டில் இருந்தது "நடைப் பயிற்சி, 150 அடி". அதைப் படித்தால் ஹாலில் யாரோ கூட்டிக்கொண்டு நடந்த மாதிரிதான் இருக்கும். இப்போது இப்படி எழுதுகிறேன்: "150 அடி. இடது கால் ஊன்றும்போது முழங்கால் பின்னுக்கு மடிந்தது, 6 முறை. தொடையின் முன்பக்கம் கை வைத்துத் தூண்டியதும் 2 முறையாகக் குறைந்தது. குதிகால் முதலில் என்று சொல்ல வேண்டியிருந்தது." கூடுதலாக ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை நோயாளி எதிரில் இருக்கும்போதே எடுத்துக்கொள்கிறேன். அவரிடமே எண்ணிக்கையைச் சொல்லி எழுதுவேன். ஆறு இரண்டாகக் குறைந்தது என்று கேட்டதும் அவர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே!

கோடர்களுக்கு ஒரு வேண்டுகோள். உதவி தெரபிஸ்ட் செய்த பகுதி பத்து சதவீதத்தைத் தாண்டினால் சி.கியூ. மாடிஃபையர் வர வேண்டும், 2022 முதல் அதற்கு 85 சதவீதம்தான் பணம். இது நோட்டில் தெளிவாக இல்லை என்றால் ஊகிக்காதீர்கள். எங்களைக் கேளுங்கள். கேள்வி வந்தால் சிலர் முகம் சுளிப்பார்கள்தான். நான் நன்றி சொல்வேன்.

புதிதாகச் சேர்ந்தவர், சேலம்

அக்கா, நானும் பி.பி.டி.தான் படித்தேன். இங்கே கிளினிக்கில் தந்த சம்பளத்தில் வீட்டை நடத்த முடியவில்லை, கோடிங்கில் சேர்ந்துவிட்டேன். நாலரை வருடம் படித்தது வீணா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

கோடர், சென்னை

வீணாகவில்லைம்மா. முழங்கால் பின்னுக்கு மடிவதைப் பற்றி மேலே எழுதியிருக்கிறாரே, அதைப் படித்ததும் உனக்கு அந்தக் கால் கண்ணில் தெரிந்திருக்கும். எனக்கு அப்படித் தெரிய இரண்டு வருடம் ஆயிற்று. நான் பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி. 97112-ம் (நரம்பு-தசைப் பயிற்சி) 97116-ம் (நடைப் பயிற்சி) ஒரே நாளில் வந்தால், உண்மையில் இரண்டு சிகிச்சை நடந்ததா அல்லது ஒரே நடையை இரண்டாக எழுதியிருக்கிறார்களா என்று உன்னால் நோட்டைப் படித்தே சொல்ல முடியும். தெரபிஸ்ட்டுக்குக் கேள்வி அனுப்பும்போது அவருடைய பாஷையிலேயே கேட்பாய். அதற்குப் பதில் சீக்கிரம் வரும்.

வீட்டு நிலைமை எனக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் தனியாக எழுது.

அப்புறம், முதல் மாதம் சார்ட்டில் இருக்கிற எந்தக் கூட்டலையும் நம்பாதே. மெடிகேர் நோட்டில் இரண்டு நேரம் இருக்க வேண்டும்: நேரக் கணக்குக் கோடுகளின் நிமிடம் தனியாக, மொத்தச் சிகிச்சை நிமிடம் தனியாக. பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு முதலாவதை நீயே கூட்டு. இரண்டில் ஒன்று இல்லையென்றால் சார்ட்டை நிறுத்தி வை, ப்ரொடக்‌ஷன் குறைந்தாலும் பரவாயில்லை. உன் டி.எல். (டீம் லீடர்) கேட்டால் இந்தப் பதிவைக் காட்டு.