பொண்ணு தலையில பேன் போகவே மாட்டேங்குது, என்ன பண்றதுங்க?

மழைச்சாரல்_கோவை

வணக்கம்ங்க. என் பொண்ணு மூணாவது படிக்கிறா, நல்ல நீள முடி, அடர்த்தியும் ஜாஸ்தி. ஸ்கூல் தொறந்ததுல இருந்து தலையில பேனு. மெடிக்கல்ல கேட்டு ஒரு லோஷன் வாங்கிப் போட்டேன், அன்னிக்கு செத்த பேனா கொட்டுச்சு, அப்பாடான்னு இருந்தா கொஞ்ச நாள்லயே மறுபடி தூக்கத்துல பரக்கு பரக்குன்னு சொறியுறா. காதுக்குப் பின்னாடி புண்ணாவே ஆயிருச்சு, கழுத்துல சின்னதா நெறி வேற கட்டியிருக்கு. அத்தை சீத்தாப்பழ விதையை அரைச்சு எண்ணெய்ல குழைச்சு ராத்திரி பூரா ஊற வைன்னு சொல்றாங்க, வீட்டுக்காரர் மொட்டையே அடிச்சிரலாம்ங்கிறார், அதைக் கேட்டு இவ ஒரே அழுகை. வேன்ல யாரோ ஒரு புள்ள "பேன் தல"ன்னு கூப்பிட்டுச்சாம், அதுல இருந்து ஸ்கூலுக்குப் போகவே மூஞ்சி சுளிக்கிறா. தலகாணி பெட்ஷீட் எல்லாம் தினமும் துவைச்சு எனக்கு இடுப்பே போச்சு. ரெண்டு வயசுப் பையனும் இருக்கான், அவனுக்கும் ஒட்டிக்குமா? யாராச்சும் உருப்படியா ஒரு வழி சொல்லுங்க.

வேப்பம்பூ

முதல்ல அந்த சீத்தாப்பழ விதை வேண்டவே வேண்டாம்மா. பேன் சாகும், இல்லைங்கல, ஆனா அந்தப் பொடியோ எண்ணெயோ வழிஞ்சு கண்ணுக்குள்ள போச்சுன்னா கருவிழியே புண்ணாயிரும், கண்ணு செக்கச்செவேல்னு ஆகி எரிச்சல் தாங்க முடியாம டாக்டர்கிட்ட ஓடுறவங்க நம்ம ஊர்லயே இருக்காங்க. ராத்திரி ஊற வச்சா தூக்கத்துல புள்ள கையால தேய்க்காம இருக்குமா சொல்லுங்க. மண்ணெண்ணெய், கரப்பானுக்குப் போடுற சாக்பீஸ், இதெல்லாம் சொல்றவங்களும் உண்டு, கிட்டயே சேர்க்காதீங்க. எண்ணெய்ல கற்பூரம் கரைச்சுத் தடவுறதும் சின்னப் புள்ளைங்களுக்கு ஆகாது, கொஞ்சம் வாய்க்குள்ள போனாலே வலிப்பு வரலாம்.

மெடிக்கல்_ஷாப்_அண்ணன்

கவுண்டர்ல தினம் யாராச்சும் ஒருத்தர் வந்து "போன தடவை குடுத்த மருந்து டூப்ளிகேட்டா"ன்னு கேட்கிற கேஸ்தான் இது. மருந்து பேனைக் கொல்லும், ஈரை, அதான் பேன் முட்டையைக் கொல்லாது, விஷயமே அவ்வளவுதான். ஈரு பொரிய ஏழுல இருந்து பத்து நாள் ஆகும், பொரிஞ்ச குஞ்சு இன்னும் ஒரு பத்து நாள்ல பெருசாகி தானே முட்டை வைக்க ஆரம்பிச்சிரும். அதனால முதல் தடவை போட்டு ஒன்பதாம் நாள் வாக்குல மறுபடி ஒரு தடவை போடணும், அப்பதான் புதுசா பொரிஞ்சது முட்டை வைக்கிறதுக்குள்ள சாகும். ஒரு தடவை போட்டுட்டு விட்டா இப்படித்தான் ஆகும்.

நீங்க வாங்கினது அனேகமா பெர்மெத்ரின் 1% லோஷனா இருக்கும், பாட்டில்ல பாருங்க. சும்மா ஷாம்பு போட்டு அலசிட்டு, கண்டிஷனர் போடாம, துண்டால துவட்டி ஈரப்பதம் இருக்கும்போதே வேர்லயும் காதுக்குப் பின்னாடியும் பிடறியிலயும் நல்லா தடவி 10 நிமிஷம் விட்டு அலசணும். நிறைய பேரு எண்ணெய் வச்ச தலையிலயே போட்டுட்டு மருந்து கேட்கலைன்னு வருவாங்க, எப்படிக் கேட்கும். அப்புறம் ஒண்ணு, புண்ணும் நெறியும் இருக்குன்னு சொல்றீங்க, சொறிஞ்ச இடத்துல சீழ் வச்சிருக்கலாம், இப்போதைக்கு மருந்து எதுவும் போடாம முதல்ல டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. ரெண்டு முறை சரியாப் போட்டும் உசுரோட பேன் ஓடுச்சுன்னா அந்த மருந்துக்கு அது பழகியிருக்கலாம், அப்போ வேற மருந்து டாக்டர் எழுதுவார். நீங்களா பாட்டில் பாட்டிலா ஊத்தாதீங்க.

ரெண்டு_வாலு_அம்மா

அண்ணன் சொன்னது கரெக்ட் ஆனா என்னைக் கேட்டா மருந்தை விட சீப்புதான். மெடிக்கல்லயே ஸ்டீல்ல நெருக்கமா பல்லு வச்ச பேன் சீப்பு கிடைக்கும், பிளாஸ்டிக் வாங்காதீங்க, அடர்த்தியான முடியில பல்லு வளைஞ்சு ஈரு நழுவிரும். தலையை நனைச்சு கண்டிஷனரை கஞ்சத்தனம் பாக்காம அப்புங்க, ஈரத்துல பேன் ஓட முடியாம அப்படியே நின்னுரும். அப்புறம் பெரிய சீப்பால சிக்கெடுத்துட்டு முடியை நாலு பாகமாப் பிரிச்சு கிளிப் போட்டுட்டு, ஒவ்வொரு பாகத்துலயும் மெல்லிசா வகிடு எடுத்து, பேன் சீப்பை மண்டைத் தோல்ல படுற மாதிரி வச்சு நுனி வரைக்கும் ஒரே இழுவை, ஒவ்வொரு இழுவைக்கும் வெள்ளைத் துணியில துடைக்கணும். துணியில எள்ளு மாதிரி கருப்பா ஒட்டும், கால் ஆட்டும், அதான் பேன். பிடறிலயும் காதுக்குப் பின்னாடியும்தான் கூட்டமா இருக்கும், அங்க ரெண்டு தடவை இழுங்க. மூணு நாலு நாளைக்கு ஒருக்கா, ரெண்டு வாரம் விடாம. நீள முடின்னா ஒரு மணி நேரம் கூட ஆகும், வெயில் வெளிச்சத்துல உக்கார வச்சு கார்ட்டூன் போட்டுக் குடுங்க. இதுல ஸ்ட்ரிக்ட்டா இருக்காதீங்க, மொபைல் குடுக்க மாட்டேன்னு சொன்னா வேலை நடக்காது.

ஈரா பொடுகான்னு குழப்பம் வந்தா ஊதிப் பாருங்க, பொடுகு பறக்கும், ஈரு பசை போட்ட மாதிரி முடியில ஒரு பக்கமா ஒட்டிக்கிட்டு நகத்தால இழுத்தாத்தான் வரும். வேர் பக்கத்துல பழுப்பா இருக்கறது உசுரோட இருக்கலாம், நுனிப் பக்கம் வெள்ளையா இருக்கறது பழைய ஓடு, அதைப் பாத்து பதறி மறுபடி மருந்து வாங்க வேண்டாம்.

காவேரிக்கரை

எங்க வீட்ல வேப்பெண்ணெய் தடவி சீயக்காய் போட்டு அலசுவோம், ராத்திரி தலகாணிக்கு அடியில துளசி வைப்போம், எங்க காலத்துல இந்த பெர்மெத்ரின் எல்லாம் யாருக்குத் தெரியும். இப்ப ஆளாளுக்கு ஈரைப் பேனாக்கி பேனைப் பெருமாளாக்குறாங்க.

மெடிக்கல்_ஷாப்_அண்ணன்

அம்மா, உங்க காலத்துல சாயங்காலம் ஆனா திண்ணையில உக்காந்து ஒருத்தர் தலையை ஒருத்தர் பாத்து ஈர்கொல்லிச் சீப்பு வச்சு இழுத்தீங்கல்ல, வேலை செஞ்சது அதுதான், துளசி இல்ல.

காவேரிக்கரை

அது சரி தம்பி 😄 அதுக்கு இப்ப யாருக்கு நேரம் இருக்கு.

டீச்சரம்மா

நான் பிரைமரி ஸ்கூல்ல இருக்கேன். மொட்டை எல்லாம் தேவையே இல்லைங்க, புள்ளை மனசு உடைஞ்சிரும். பேன் பறக்காது, குதிக்காது, தலையோட தலை முட்டினாத்தான் ஊர்ந்து போகும். அதனால இறுக்கமா ரெட்டை ஜடை பின்னி மடிச்சுக் கட்டி விடுங்க, சீப்பு ரிப்பன் ஹேர்பேண்ட் யார்கிட்டயும் மாத்திக்கக் கூடாதுன்னு சொல்லி விடுங்க. கிளாஸ் டீச்சர்கிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லுங்க, பேர் சொல்லாம எல்லாப் பேரண்ட்ஸுக்கும் ஒரே நாள்ல பாக்கச் சொல்லி டைரில எழுதி அனுப்புவாங்க, ஒரு வீட்ல மட்டும் பாத்துப் பிரயோஜனம் இல்ல. அந்த "பேன் தல" விஷயத்தையும் அப்படியே சொல்லிருங்க. சுத்தமில்லாததால வர்றது இல்லைன்னு பாப்பாகிட்ட திரும்பத் திரும்ப சொல்லுங்க, தினம் தலைக்குக் குளிக்கிற புள்ளைக்கும் வரும்.

துவைக்கிறதுல இவ்வளவு கஷ்டப்படாதீங்க. தலையை விட்டு விழுந்த பேன் ரத்தம் கிடைக்காம ஒண்ணு ரெண்டு நாள்ல செத்துரும். மருந்து போடுற அன்னிக்கு தலகாணி உறை, துண்டு, சீப்பு மட்டும் சுடுதண்ணில போட்டா போதும். வீட்ல ஸ்ப்ரே கீப்ரேன்னு எதுவும் அடிக்காதீங்க, சின்னவன் விளையாடுற இடம்.

மெடிக்கல்_ஷாப்_அண்ணன்

விட்டுப்போச்சு. சின்னவன் தலையை சீப்பு போட்டுப் பாருங்க, உசுரோட பேன் இருந்தா மட்டும் மருந்து. நீங்களும் பாத்துக்கோங்க, வீட்ல இருக்கிற எல்லாரும் ஒரே நாள்ல பாக்கணும். முக்கியமா பொண்ணு யார் பக்கத்துல படுக்குறா?

மழைச்சாரல்_கோவை

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. டாக்டர்கிட்ட காட்டியாச்சு, சீழ் பிடிச்சிருந்துச்சு, அதுக்கு மருந்து குடுத்திருக்காங்க, புண்ணு ஆறுற வரைக்கும் சீப்பு மட்டும் போடச் சொன்னாங்க. ஸ்டீல் சீப்பு வாங்கி முதல் தடவை இழுத்ததுல துணியைப் பாத்து எனக்கே உடம்பெல்லாம் நமநமன்னுச்சு. பையன் தலை க்ளீன், என் தலையில ஒண்ணு ரெண்டு.

அண்ணா நீங்க கேட்டீங்களே, அவ பாட்டி கூடத்தான் படுக்குறா. அத்தை நரைமுடின்னு நான் இது வரைக்கும் நினைச்சுக்கூட பாக்கல, இப்ப கவனிச்சா டிவி பாக்கும்போது ஹேர்பின்னை வச்சு பிடறியை சொறிஞ்சிட்டே இருக்காங்க. இப்ப இதை நான் எப்படிங்க அவங்ககிட்ட சொல்றது, "மருமக என்னைப் பேன் தலைன்னுட்டா"ன்னு நாத்தனாருக்கு போன் போயிரும்.

ரெண்டு_வாலு_அம்மா

ஹாஹா நீங்க சொல்லாதீங்க. பொண்ணு தலையை இழுக்கிற வேலையை அத்தைகிட்டயே குடுங்க, "எனக்கு கண்ணு சரியாத் தெரியல, நீங்கதான் நல்லா பாப்பீங்க"ன்னு. முடிஞ்சதும் பேத்தியை விட்டு "பாட்டி இப்ப உங்க டர்ன்"னு சொல்லச் சொல்லுங்க. பேத்தி கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க.

காவேரிக்கரை

இது நல்ல யோசனை. அத்தைக்கு கண்டிஷனர் வாசனை பிடிக்கலைன்னா தேங்காயெண்ணெய் நிறைய வச்சு இழுக்கச் சொல்லும்மா, சீப்பு அதுலயும் நல்லாத்தான் வழுக்கும்.