கணக்கீடு வளர்ந்துவிட்டதால் நல்ல லென்ஸ் இனித் தேவையில்லையா?

கதிர்நோக்கி:
படங்களைக் கணினியால் கூர்மையாக்கும் கணக்கீட்டு முறைகள் இவ்வளவு வளர்ந்த பின் நுட்பமான லென்ஸுக்குச் செலவிடுவது வீண் என்ற கருத்தை நான் மறுக்கிறேன். 1990இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியின் முதன்மை ஆடி, விளிம்பில் ஏறத்தாழ 2.2 மைக்ரோமீட்டர் பிழையோடு தேய்க்கப்பட்டிருந்ததால், விண்மீன்களின் ஒளி ஒரு புள்ளியில் குவியாமல் சுற்றிலும் பரவியது. ரிச்சர்ட்சன்–லூசி போன்ற கணித முறைகள் பொலிவான பொருள்களின் படங்களை ஓரளவு கூர்மையாக்கின. மங்கலான பொருள்களின் ஒளியோ, படத்தில் தற்செயலாகக் கலக்கும் புள்ளிக் கலக்கமான இரைச்சலில் மூழ்கிவிட்டதால் எந்தக் கணக்குக்கும் அகப்படவில்லை. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் திருத்தக் கருவிகளைப் பொருத்திய பிறகே அந்தக் குறை நீங்கியது.

நுண்ணளவி:
ஹப்பிளில் கணக்கீடு, பழுது தெரிந்த பிறகு துணைக்கு அழைக்கப்பட்டது. தொடக்கத்திலிருந்தே அதை மனத்தில் வைத்துக் கருவியை வடிவமைத்தால் நிலைமை மாறுகிறது என்பதே என் வாதம். 2013இல் வெளியான ஃபூரியர் டைகோகிராபி முறையில், பரந்த பார்வைப் புலமும் குறைந்த பகுதிறனும் (நுண்விவரங்களைப் பிரித்துக் காட்டும் திறனும்) கொண்ட எளிய லென்ஸின் கீழ் மாதிரியை வைத்து, எல்இடி விளக்குகளின் அணியால் வெவ்வேறு கோணங்களில் ஒளியூட்டிப் படமெடுக்கிறார்கள். சாய்வாக விழும் ஒளி, வழக்கமாக லென்ஸுக்கு வெளியே தப்பிவிடும் நுண்விவரங்களை அதன் துளைக்குள் திருப்பிவிடுகிறது. படங்களை ஒன்றுசேர்க்கும்போது, அந்த லென்ஸின் பகுதிறனை மிஞ்சிய கூர்மை, பார்வைப் புலம் சுருங்காமலே கிடைக்கிறது. அத்தனை விவரமும் லென்ஸ் வழியாக, ஒளியைப் பதியும் உணரிக்கு வந்து சேர்ந்ததே.

கதிர்நோக்கி:
ஏற்கிறேன். ஆனால் ஒரு படத்துக்குப் பல படங்கள் எடுக்க வேண்டியிருப்பதால், அசையும் உயிரணுக்களைப் பார்ப்பவருக்கு லென்ஸில் மிச்சமானது நேரத்தில் செலவாகிறது. என்னை மிகவும் கவலைப்படுத்துவது வேறு: பயிற்சிப் படங்களால் பழக்கிய நரம்பியல் வலையமைப்பு என்னும் செயற்கை நுண்ணறிவு நிரல், மங்கலான திசுப் படத்தைக் கூர்மையாக்கும்போது, இல்லாத உயிரணு எல்லையை இருப்பதுபோல் வரைந்துவிடக்கூடும். நோயறிபவர் அதை எப்படிக் கண்டுகொள்வார்?

நுண்ணளவி:
அந்த ஆபத்து மெய்யானது. ஆனாலும் கணிப்பே கலவாத வண்ணப் படம் அரிது. 1976இல் காப்புரிமை பெற்ற, சிவப்பு, பச்சை, நீல நிறங்களைப் படப்புள்ளிகளுக்குப் பங்கிட்டுத் தரும் பேயர் வடிகட்டியைக் கொண்ட கேமராவில், ஒவ்வொரு படப்புள்ளியும் ஒரே நிறத்தைத்தான் அளக்கிறது. மற்ற இரண்டும் அண்டைப் புள்ளிகளிலிருந்து கணிக்கப்படுகின்றன.

கதிர்நோக்கி:
அந்த அண்டைப் புள்ளிகளும் அதே காட்சியில் அளக்கப்பட்டவை அல்லவா? வலையமைப்போ வேறு யாருடைய திசுக்களிலிருந்தோ கற்றதைக் கொண்டு நிரப்புகிறது. நோயறிதலில் பயன்படும் கருவி, உணரி பதிந்த மூலப் படத்தையும் திருத்திய படத்தையும் அருகருகே காட்டியே ஆக வேண்டும்.

நுண்ணளவி:
காட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நான் சொன்ன முறையில் மூலப் படம் ஒவ்வொன்றும் தனியே மங்கலானதுதான். அதை வைத்து இறுதிப் படத்தை ஐயுறுவது முறையாகாது. ஒவ்வொரு புள்ளியின் மதிப்பும் எவ்வளவு உறுதியானது என்பதைக் கணக்கிட்டுப் படத்தோடு சேர்த்துத் தருவதே மேலான சோதனை என்று கருதுகிறேன்.