எல் நினோவை நேரில் உணர முடியுமா? 1997-ல் கப்பலில் கண்டது

எல் நினோ எல்லாம் செய்தியில் வருகிற பெயர்தானே, அதை நேரில் உணர முடியுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நடு, கிழக்குப் பசிபிக் கடலின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவதுதான் எல் நினோ. அதை நேரில் உணர முடியும். 1997-ல் நான் சரக்குக் கப்பலில் ஜூனியர் ஆபிசர். செப்டம்பரில் மலாக்கா நீரிணைக்குள் போனால் பட்டப்பகலில் எதிரே வரும் கப்பல் தெரியவில்லை, ரேடாரை நம்பி, ஹாரனை அடித்துக்கொண்டே ஊர்ந்தோம். பனி இல்லை, புகை. சுமத்ரா, போர்னியோ பக்கம் மழை பொய்த்ததில் காட்டிலும் சதுப்பு மண்ணிலும் பிடித்த தீ அணையவே இல்லை.

அப்புறம் பசிபிக்கைக் கடந்து, வருடக் கடைசியில் பெருவின் கயாவோ துறைமுகம். முதலில் கத்தியது இன்ஜின் ரூம் ஆட்கள்தான். குளிர்விக்க உள்ளே இழுக்கும் கடல்நீரே வெதுவெதுப்பாக வருகிறது, மானி கெட்டுவிட்டதா என்று வேறொன்றை வைத்துப் பார்த்தார்கள், அதுவும் அதையே காட்டியது. கரையில் மீனவர்கள் நெத்திலியே இல்லை என்று புலம்பினார்கள். சில வாரத்தில் அந்நாட்டின் வடக்குப் பாலைவனத்தில் கொட்டிய மழையில் ஏரியே உருவானது.

புகையும் வெள்ளமும் ஒரே விஷயத்தின் இரண்டு முனைகள். சாதாரண வருடங்களில் வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து அடித்துச் சூடான மேல்நீரை மேற்கே தள்ளிக்கொண்டே இருக்கும், இந்தோனேசியப் பக்கம் கடல்மட்டம் சுமார் அரை மீட்டர் உயர்ந்தே நிற்கும். பெரு பக்கம் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் சத்துகளோடு மேலே வரும், நெத்திலி பெருகும். காற்று தளர்ந்தால் அந்தச் சூடு கிழக்கே திரும்புகிறது, மழை மேகமும் பின்னாலேயே போய்விடுகிறது. காற்று தளர்ந்ததால் கடல் சூடானதா, கடல் சூடானதால் காற்று தளர்ந்ததா என்றால் இரண்டும்தான், ஒன்றை ஒன்று வளர்க்கும். இதை 1969-ல் தெளிவாகக் கோத்துக் காட்டியவர் பியர்க்னஸ் என்ற நார்வேக்காரர்.

ஆனால் "எல் நினோ வருது, இந்தியாவில் மழை அவ்வளவுதான்" என்று தலைப்பு போடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. 1997 எல் நினோ அந்த நூற்றாண்டின் மிகப் பலமானவற்றில் ஒன்று, இருந்தும் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை சராசரியை ஒட்டியே பெய்தது. 2002-ல் வந்தது அதைவிட எவ்வளவோ மெலிந்தது, மழையோ சராசரியைவிட 19 சதவீதம் குறைந்து கடும் வறட்சி. 2002-ல் சூடு நடுப் பசிபிக்கில் குவிந்திருந்தது, 1997-ல் கிழக்கே தள்ளி; நடுவில் குவிந்தால்தான் இந்திய மழைக்கு அடி அதிகம். கூடவே 1997-ல் இந்தியப் பெருங்கடலும் தன் பங்குக்கு ஆடியது: ஆப்பிரிக்கப் பக்கம் சூடு, சுமத்ரா பக்கம் குளிர், அது இந்திய மழைக்குக் கைகொடுத்தது. அந்த ஏற்ற இறக்கத்தை இருமுனை என்று பெயரிட்டு ஆய்வாளர்கள் விளக்கியதே 1999-ல்தான். அதனால் பசிபிக் எவ்வளவு சூடானது என்பதை மட்டும் பார்க்காதீர்கள், சூடு எந்தப் பக்கம் குவிகிறது, இந்தியப் பெருங்கடல் என்ன செய்கிறது என்றும் சேர்த்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் கணிப்பு தவறலாம், அது வேறு விஷயம்.