தில்லியில் நான் பாராமல் கடந்த கட்டடங்கள்

நான் தில்லியை முதன்முறையாகச் சுற்றிப் பார்த்தது ஒரு திங்கட்கிழமை. ஒரே நாளில் ஏழு இடங்கள் என்று சொல்லிப் பணம் வாங்கிய பேருந்துக்காரர்கள், செங்கோட்டையும் தாமரைக் கோயிலும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. கோட்டை மதிலைச் சாலையிலிருந்தே காட்டிவிட்டு, படம் எடுத்துக்கொள்ளப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். குதுப் மினாருக்கு நாற்பது நிமிடம், ஹுமாயூன் கல்லறைக்கு அரை மணி நேரம். ஊர் திரும்பிப் படங்களைப் பார்த்தபோது எல்லாவற்றிலும் நான் இருந்தேன். எதைப் பார்த்தேன் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, யாருடைய அவசரமும் இல்லாமல் நான்கு நாள்கள் தனியாகப் போனேன். அந்த நான்கு நாள்களில் சந்தித்த மூன்று பேரைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

முதலாமவர் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேரப்பிள்ளைகளோடு குதுப் மினாருக்கு வந்திருந்தார். எல்லோரும் 72.5 மீட்டர் உயரக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் அதற்கு முதுகைக் காட்டியபடி இரும்புத் தூணைச் சுற்றியுள்ள வேலியின் அருகே வெகுநேரம் நின்றிருந்தார். முதுகைத் தூணில் சாய்த்துப் பின்புறமாகக் கைகோத்துவிட்டால் நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கையில் வந்தவர்கள் எல்லாம் அதைத் தேய்த்துக்கொண்டிருந்ததால், 1997இல் போடப்பட்ட வேலி அது. ஏழு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரமும் ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட அந்தத் தூண் குப்தர் காலத்தது. அதில் உள்ள கல்வெட்டு சந்திரன் என்ற அரசனைப் போற்றுகிறது. அவன் இரண்டாம் சந்திரகுப்தன் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருந்தால் அது உடையும் தன்மை பெறும் என்பதால், தம் வேலைக்காலம் முழுவதும் அதை வெளியேற்றுவதிலேயே கவனமாக இருந்ததாகவும், அந்தப் பாஸ்பரஸ்தான் இந்தத் தூணின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாகத் துருப்பிடிக்காமல் காத்துவருகிறது என்றும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் குறை என்று கழித்ததை வைத்தே இதைச் செய்திருக்கிறார்கள் என்றார்.

புல்வெளியில் தனியாக நிற்கும் சிறிய கல் மண்டபத்தைக் காட்டியவரும் அவரே. முதல் பயணத்தில் அதன் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்திருக்கிறேன். அது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. 1803ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் கோபுரத்தின் உச்சி மண்டபம் விழுந்துவிட, ராபர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1828இல் வங்காளப் பாணியில் இதைக் கட்டி உச்சியில் ஏற்றினார். பொருந்தவேயில்லை என்று பலரும் முகம் சுளித்ததால் 1848இல் இறக்கிப் புல்வெளியில் வைத்துவிட்டார்கள். அழகில்லை என்று ஒதுக்கப்பட்டதையும் உடைத்துப் போடாமல் வைத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. கோபுரத்தின் உள்ளே 379 படிகள் உண்டு. ஆனால் 1981 டிசம்பரில் மின்சாரம் நின்று ஏற்பட்ட நெரிசலில் 45 பேர், அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள், இறந்த பிறகு எவரையும் ஏறவிடுவதில்லை. பேரப்பிள்ளைகள் ஏன் ஏறக்கூடாது என்று கேட்டபோது அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

ஜாமா மசூதியைப் பற்றி எழுத என்னிடம் அதிகமில்லை. தொழுகை நேரத்தில் போய்ச் சேர்ந்ததால் படிக்கட்டில் காத்திருந்துவிட்டுத் திரும்பினேன். இந்தியா கேட் மாலை நேரத்தில் காற்று வாங்க நல்ல இடம்.

ஹுமாயூன் கல்லறையில் சந்தித்த இளைஞர் பக்கத்து நிஜாமுத்தீன் குடியிருப்பைச் சேர்ந்தவர். 1565 வாக்கில் தொடங்கி 1572இல் முடிந்த அந்தக் கட்டடத்தை 2007 முதல் 2013 வரை பெரிய அளவில் பழுதுபார்த்தபோது, உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்த கைவினைஞர்களிடம் மெருகு ஓடு செய்யக் கற்றுக்கொண்ட உள்ளூர்ப் பையன்களில் அவரும் ஒருவராம். எல்லோரும் நடுவிலுள்ள வெள்ளைக் குவிமாடத்தைப் படம் எடுக்க, அவர் கை நீட்டிக் காட்டியது மேல்தளத்தின் சிறு மண்டபங்களை. அவற்றின் உச்சியில் நீல ஓடுகள் வெயிலில் பளபளத்தன. நினைவுச் சின்னத்தில் புதிய ஓடு பதிப்பது சரிதானா என்று கேட்டேன். அப்படிப் பதித்தால் பழமை போய்விடும் என்பது அதுவரை என் எண்ணம். மெருகு முழுவதும் உதிர்ந்து மண்ணாகத் தெரியும் ஓடாக இருந்தாலும் பழையதாயின் அதைத் தொடவில்லை என்றும், ஓடே இல்லாத வெற்றிடத்தில் மட்டுமே புதியதைப் பதித்தோம் என்றும் அவர் விளக்கினார். கூர்ந்து பார்த்தபோது மங்கலும் பளபளப்பும் அடுத்தடுத்து இருப்பது எனக்கும் தெரிந்தது. உண்மையில் கட்டடத்துக்குக் கேடு செய்தது பழமையன்று. இருபதாம் நூற்றாண்டில் பழுதுபார்ப்பதாக எண்ணிக் கூரையின் மேல் அடுக்கடுக்காகக் கொட்டிய சிமென்ட் கலவைதான். அதைப் பெயர்த்தெடுத்துவிட்டு மீண்டும் சுண்ணாம்புச் சாந்துக்கே திரும்பியிருக்கிறார்கள். இத்தனை விவரம் தெரிந்தவர், தம் கையால் செய்த ஓடு எது என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. தனித்துத் தெரிந்தால் அது நல்ல வேலை ஆகாது என்றார்.

மூன்றாவது சந்திப்பு செங்கோட்டையில். இந்த முறை சனிக்கிழமை, கதவுகள் திறந்திருந்தன. ஷாஜகான் ஆக்ராவிலிருந்து தலைநகரை மாற்றி 1648இல் கட்டி முடித்த அரண்மனையின் பெரும்பகுதி இன்று இல்லை. 1857க்குப் பிறகு ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் படைவீரர்களுக்கான நீண்ட கட்டடங்களை எழுப்பினார்கள். பளிங்கு மண்டபங்களைப் பார்க்க வருபவர்களின் கண்ணுக்கு அவை வெறும் தடைகள். நானும் அவை படத்தில் விழாதபடி சாய்ந்து சாய்ந்து எடுத்துக்கொண்டிருந்தேன். நான் தொலைபேசியில் தமிழில் பேசியதைக் கேட்ட ஒரு மூதாட்டி, தம்பி, அந்தப் பட்டாளத்துக் கட்டடத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டார். மலேசியாவிலிருந்து மகனோடு வந்திருந்தார். மகன் நுழைவுச்சீட்டு வரிசையில் நின்றபோதே இவர் பொறுமை இழந்து பாதி தூரம் நடந்துவிட்டாராம்.

அவருடைய தாயார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த பெண். 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி தம் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையைத் தொடங்கியபோது பதினேழு வயதில் போய்ச் சேர்ந்தவர். தில்லி சலோ, அதாவது தில்லிக்குப் போவோம் என்று முழங்கிய அந்தப் பெண்கள் பர்மா வரை போனார்கள், தில்லிக்கு வரவில்லை. மாறாக, 1945 நவம்பரில் அந்த ராணுவத்தின் ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சேகல், குருபக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூன்று தளபதிகள் கைதிகளாக இந்தக் கோட்டைக்குள் விசாரிக்கப்பட்டார்கள். அன்று நேரு அவர்களுக்காகப் பல ஆண்டுகளுக்குப் பிறகு வழக்கறிஞர் அங்கியை அணிந்து வந்து நின்றதைத் தாயார் மீண்டும் மீண்டும் சொல்வாராம்.

இதே கோட்டையின் திவான்-இ-காஸ் என்ற பளிங்கு மண்டபத்தில்தான் 1858இல் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபர் விசாரிக்கப்பட்டு ரங்கூனுக்கு அனுப்பப்பட்டார் என்பதைச் சொன்னேன். வழியிலேயே இருக்கிறது, பார்த்துவிட்டுப் போகலாமே என்றேன். அவர் மரியாதைக்காகத் தலையசைத்தாரே தவிர நடையை நிறுத்தவில்லை.

அந்தப் பட்டாளத்துக் கட்டடங்களில் ஒன்றில் 2019 முதல் நேதாஜி அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே ஜான்சி ராணிப் படையைப் பற்றிய பகுதியில், கால்சட்டையும் தொப்பியும் அணிந்து வரிசையாக நிற்கும் பெண்களின் படத்துக்கு முன்னால் அவர் நின்றுவிட்டார். முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். தாயார் இருக்கிறாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, மகன்தான் கேட்டார். தெரியவில்லை, எல்லோரும் அம்மா மாதிரிதான் இருக்கிறார்கள் என்றார்.

வெளியே வந்ததும் கைப்பையிலிருந்து தாயாரின் சிறிய படம் ஒன்றை எடுத்து மார்போடு சேர்த்துப் பிடித்தபடி அந்தக் கட்டடத்தின் சுவரில் சாய்ந்து நின்றார். நான் கேமராவை உயர்த்தியபோது, பின்னால் அந்த வெள்ளை மண்டபம் தெரிகிறதா என்று கேட்டார். ஒரு மூலையில் தெரிகிறது என்றேன். அது விழாமல் கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கள் தம்பி என்றார்.