பில் எழுதும்போது பேனை விழுந்தது

வாவிக்கரையான்:

மட்டக்களப்பு டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பதினொரு வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். வயது 43. 2022 நெருக்கடியில் எங்களோடு நின்ற இரண்டு பெடியன்கள் கட்டாருக்குப் போனார்கள், பதிலுக்கு ஆள் எடுக்கவில்லை, அவர்களுடைய வேலையும் என்னிடம் வந்தது. காலை ஏழரைக்குத் திறந்தால் இரவு ஒன்பதரைக்குத்தான் கதவு இழுப்பது. ஞாயிறு காலையில் ஸ்டொக் எண்ண வேண்டும். பகல் சோறு நான்கு மணிக்கு, அதுவரை பிளேன்டீயும் ரோல்ஸும். படுத்தாலும் நித்திரை வராது, தலைக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பிடரி வலித்தால் பனடோல். பிரஷரைப் பாருங்கோ என்று மனைவி எத்தனையோ தரம் சொன்னா. கிளினிக் காலையில்தானே, கடையை விட்டு எப்படிப் போவது?

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை சீமெந்துக்கு பில் எழுதிக்கொண்டிருந்தேன், பேனை விழுந்தது. எடுத்தேன், திரும்பவும் விழுந்தது. எழுதி எழுதிக் கை விறைத்துவிட்டது என்று நினைத்து உதறிக்கொண்டு நின்றேன். கூரைத்தகடு வாங்க வந்த ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, வாய் ஒரு பக்கம் இழுக்குது, ஒருக்கா சிரிங்க பாப்பம்" என்றா. சிரித்தேன், பாதி வாய்தான் அசைந்தது. முதலாளி, உள்ளே போய்க் கொஞ்சம் படு, சரியாகும் என்றார். அந்த அம்மா விடவில்லை. 1990 அம்புலன்ஸுக்கு அவவே போன் எடுத்தா.

ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்றுதான். மூளையில் இரத்தக் குழாய் அடைத்துப் பாரிசவாதம் வந்திருந்தால், அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டுமாம். முதலாளி சொன்னபடி படுத்திருந்தால் அந்த நேரம் நித்திரையிலேயே போயிருக்கும். பிரஷர் 200க்கு 120 நின்றது. கை திரும்பிவிட்டது, ஆனால் முழுதாக இல்லை, சேர்ட் பொத்தான் போட இன்றைக்கும் நேரம் எடுக்கிறது.

வாட்டில் படுத்திருந்தபோதுதான் கூட்டிப் பார்த்தேன். ஆறு நாளுக்கு 84 மணித்தியாலம், ஞாயிறோடு 88. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, கிழமைக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் செய்பவர்களை விடப் பாரிசவாதம் வரும் ஆபத்து 35 வீதம் கூட, மாரடைப்பு போன்ற இதய நோயால் சாகும் ஆபத்து 17 வீதம் கூட என்கிறது. 2016இல் மட்டும் இப்படி 745,000 பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். எங்கள் நாட்டில் கடை, அலுவலக ஊழியர்களுக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது: நாளுக்கு 8, கிழமைக்கு 45, ஓவர்டைம் கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. பதினொரு வருடம் கடையில் நின்ற எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

கல்முனை ராத்தா:

தம்பி, வாசித்துவிட்டு அழுதேன். நான் புடவைக் கடையில் நிற்கிறேன். நோன்புப் பெருநாள் நெருங்கினால் இரவு பதினொரு மணி வரை நிற்க வேண்டும், இருக்க ஒரு கதிரை இல்லை. கழிவறை பின் வளவுக்குள் தூரத்தில், ஆட்கள் நெருக்கும்போது போகவும் முடியாது, அதனால் நோன்பு திறந்த பிறகும் தண்ணீர் குடிக்காமலே நிற்போம். இரண்டு வருடம் அடுத்தடுத்துச் சலத்தில் கிருமி, காய்ச்சலோடு வாட்டில் நாலு நாள். முழங்காலுக்குக் கீழே நரம்பு முறுக்கிப் புடைத்திருக்கிறது, வேலைக்கு நிற்கும் பிள்ளைகளும் இருபது வயதில் அதே காலோடுதான் வீட்டுக்குப் போகிறார்கள். அந்தப் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்குக் கூடுதல் கவலை.

வாழைச்சேனை வான்காரன்:

அண்ணன், நான் இரவு கொழும்பு ஹயர் ஓடிவிட்டு வந்து காலையில் ஸ்கூல் வானும் எடுப்பேன். ஒருநாள் மன்னம்பிட்டிப் பக்கம் கண் திறந்தபடியே ஒரு நிமிடம் எங்கே போனேன் என்று தெரியவில்லை, ரோட்டுக் கரையில் கல் அடித்த சத்தத்தில்தான் நினைவு வந்தது, பின்னால் பத்துப் பேர் நித்திரை. 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் நிதானம் இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் நிதானத்துக்குச் சமம் என்று பிறகு படித்தேன். நான் வாழ்க்கையில் குடித்ததே இல்லை. அன்றிலிருந்து இரவு ஹயர் ஓடினால் அடுத்த நாள் காலை வானை மைத்துனன் எடுக்கிறான். காசு குறைந்துவிட்டது, அது உண்மைதான்.

வாவிக்கரையான்:

எனக்கும் குறைந்துவிட்டது. இப்போது எட்டரைக்குப் போய் ஐந்தரைக்கு இறங்குகிறேன், சம்பளத்தில் மூன்றில் ஒன்றை வெட்டிவிட்டார்கள். ராத்தா, அந்தப் பிள்ளைகளுக்குக் கதிரை கேட்டுப் போகும்போது தனியாகப் போகாதீங்க, நாலு பேராகப் போங்க. தம்பி, நீ இந்தக் கிழமையே பிரஷர் பார்த்துவிட்டு எத்தனை என்று இங்கே எழுது.