மறு: மறு: பல்மனரி ஹைப்பர்டென்ஷன் – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

திங்கள் காலை, மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். இந்த நோய் பற்றிய ஆய்வொன்றின் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை நெறிமுறைக் குழுவுக்குப் போக வேண்டும். 'நுரையீரல் உயர் ரத்த அழுத்தம்' என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த ஓர் அம்மா, "எனக்கு பிரஷர் நார்மல்னு சொல்லிட்டாங்களே" என்று படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

திங்கள் மாலை, புலவர்:
'ரத்தம்' எதற்கு? காந்தளைக் குருதிப்பூ என்ற மொழி நம்முடையது. 'நுரையீரல் தமனிக் குருதி மிகையழுத்தம்' என்க. நுரையீரல் என்பதே அழகான சொல்: நுரைபோல் காற்று நிறைந்த ஈரல், நீரில் இட்டால் மிதக்கும். கறிக்கடையில் மண்ணீரலைச் சுவரொட்டி என்பார்கள், அதன் வேரை 12 ஆண்டுகளாகத் தேடுகிறேன்.

செவ்வாய், யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா, குருதி சரி. ஆனால் தமனியும் வடமொழிதானே? எங்கள் பாடநூல்களில் நாடி, நாளம்.

செவ்வாய், புலவர்:
நாடியையும் வடமொழி என்பார்கள், தங்கையே. நான் ஏற்கமாட்டேன். நாடுதல் என்ற வினையிலிருந்து வந்தது. விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

செவ்வாய் இரவு, மருத்துவர்:
தமனியோ நாடியோ, சொல்லுக்குள் வைத்தால் வேறு நோயாகிவிடும். நுரையீரல் தமனிகளே தடித்துக் குறுகுவது 5 வகையில் ஒன்று, அரிதானது. 1960-களில் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியாவில் அமினோரெக்ஸ் என்ற பசியடக்கி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வந்தது அதுதான். பெரும்பாலோருக்கு இதயத்தின் இடப்பக்கம் பழுதாகி, ரத்தம் தேங்கி, அழுத்தம் பின்னோக்கி ஏறுகிறது. அளப்பது நுரையீரல் தமனியில்தான், ஆனால் கோளாறு அங்கேதான் என்றில்லை.

அப்புறம், எக்கோ என்ற இதய ஸ்கேனுக்குக் 'கண்டறிதல்' என்று போடாதீர்கள். எக்கோ அழுத்தத்தை மதிப்பிடும், அவ்வளவுதான். வலப்பக்க இதயம் வழியாகக் குழாய் செலுத்தி அளந்தால்தான் உறுதி. ஓய்வில் சராசரி 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் மிகை. முன்பு 25 ஆக இருந்த எல்லையை 2018-இல் நீஸ் நகரில் கூடிய உலக மாநாடு இறக்கியது. கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷருக்கு இது பிடிபடாது. 'நுரையீரல் மிகையழுத்தம்' போதாதா?

புதன், புலவர்:
போதாது. சைக்கிள் டியூப் மாதிரி காற்று ஏறிவிட்டது என்று நினைப்பார்கள்.

வியாழன், மொழிபெயர்ப்பாளர்:
புலவர் ஐயா சொன்னது சரி என்றே படுகிறது. 'நுரையீரல் ரத்தக்குழாய் மிகையழுத்தம்' என்று வைக்கிறேன். கீழே, 'கையில் அளக்கும் பிரஷர் வேறு, இது வேறு' என்றொரு வரி. 4 பேர் சரி என்றீர்கள், இருவர் பதிலே போடவில்லை. நாளை அனுப்புகிறேன்.

வியாழன், புலவர்:
'குருதிக்குழாய்' என்றாவது போடலாம். என் மறுப்பு பதிவாகட்டும்.

வெள்ளி, யாழ்ப்பாணத்திலிருந்து:
அனுப்பிவிட்டீர்களா? 3-ஆம் பக்கத்தில், 'குழாய் வழியாகக் குழாயைச் செலுத்திக் குழாயின் அழுத்தத்தை அளப்போம்' என்று இருக்கிறது.