கருந்துளையைச் சுற்றும் தட்டு: 'சுழித்தட்டு' எனலாமா?

> 'திரள்தட்டு' போதுமே. புதிதாக இன்னொன்று எதற்கு?

அன்புள்ள ஐயா,

'கருந்துளை', 'நிகழ்வெல்லை' (ஒளியும் மீளமுடியாத எல்லை) ஆகிய சொற்கள் இரண்டிலும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டை (accretion disk) 'திரள்தட்டு' என்பதில்தான் மனம் ஒப்பவில்லை. வெண்ணெய் திரளும், கூட்டம் திரளும். திரண்டது அங்கேயே நிற்கும். இந்தத் தட்டிலுள்ள வாயு நிற்பதில்லை. உட்பக்கம் விரைவாகவும் வெளிப்பக்கம் மெதுவாகவும் ஓடுவதால் படைகள் ஒன்றையொன்று இழுக்கின்றன. கோண உந்தம், அதாவது சுற்றோட்டத்தின் வலு, வெளியே கடத்தப்பட, வாயு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளிறங்கும். இறங்க இறங்கச் சூடேறும். சிக்னஸ் எக்ஸ்-1 என்ற கருந்துளையில் பக்கத்து விண்மீனிலிருந்து வரும் வாயு எக்ஸ் கதிர் வீசுமளவுக்குக் கொதிக்கிறது. கருந்துளையின் சுழற்சியைக் கணிக்க அந்தக் கதிர்கள்தான் கைகொடுக்கின்றன.

சக்தியையும் பாருங்கள். ஐதரசன் ஈலியமாகும்போது திணிவில் 0.7 சதவீதமே சக்தியாகிறது. சுழலாத கருந்துளையின் தட்டில் அது ஏறக்குறைய 6 சதவீதம். கருந்துளை சுழன்றால் இன்னும் கூடலாம். குவாசர்கள் எனப்படும் மிகப் பிரகாசமான விண்மீன் பேரடை மையங்களின் பேரொளி இங்கிருந்துதான்.

வெள்ளவத்தையில் உயர்தர வகுப்பொன்றில் எம்87 என்ற விண்மீன் பேரடையின் மையக் கருந்துளைப் படத்தைக் காட்டினேன். "கருந்துளை எண்டா கறுப்பாத்தானே இருக்கோணும் சேர், இந்த வெளிச்சம் எங்கயிருந்து வருது?" என்று கேட்டாள் ஒரு பிள்ளை. 2019 ஏப்ரல் 10 இல் வெளியான படம் அது. படத்திலுள்ள செம்மஞ்சள் பின்னர் ஏற்றிய நிறம். தொலைகாட்டிகள் பிடித்தது சூடான வாயுவின் 1.3 மில்லிமீற்றர் றேடியோ அலை. அவளுடைய கேள்விக்குப் பெயரே பாதி விடை சொல்லவேண்டும் என்பது என் ஆசை.

'சுழல்தட்டு'ம் போதாது. பூமியும்தான் சூரியனைச் சுற்றுகிறது, விழுவதில்லையே. ஆற்றுச் சுழி சுற்றவும் செய்யும், உள்ளே இழுக்கவும் செய்யும். ஆகவே 'சுழித்தட்டு'. சுழி என்றால் பூச்சியமும்தானே என்றொரு மறுப்பு வந்தது. இங்கே வகுப்பில் பூச்சியம் என்றே சொல்கிறோம், பிள்ளைகள் குழம்பமாட்டார்கள். இளம் விண்மீன்களைச் சூழும் தட்டுக்கும் இது பொருந்தும். அங்கும் வாயு உள்ளிறங்கித்தான் விண்மீன் வளர்கிறது.

கொழும்பிலிருந்து,
அன்புடன்

---

தம்பி,

சுழித்தட்டுக்கு நான் சம்மதம். ஆனால் தட்டுக்குப் பெயர் வைத்தீர், வாயு உள்ளே விழும் நிகழ்வுக்கு வைக்கவில்லை. கோண உந்தம் மிகக் குறைந்த வாயு தட்டாகாமல் நேரே விழும். அதைச் சுழி என்று சொல்ல ஏலாது. அந்த நிகழ்வுக்கு 'உள்வீழ்வு' என்று வைத்து, இரண்டையும் ஒரே பந்தியில் எழுதி அனுப்பும். வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன்.